அலுமினியக் குழாய்க்கு ஏன் அனுமதி கேட்கிறார்கள்?



பூப்பந்து மட்டையின் தண்டில் கார்பன் இழை இருக்கிறது. துணிச்சாயத்திலும் பேனா மையிலும் தயோடைகிளைக்கால் என்ற வேதிப்பொருள் பயன்படுகிறது. ஜன்னல் சட்டம் தொடங்கி விமானம் வரை அலுமினியக் குழாய் இல்லாத இடமில்லை. இந்த மூன்றுக்கும் பொதுவாக இருப்பது என்ன?

மூன்றும் ஆயுதம் அல்ல. ஆனால் உயர்தரக் கார்பன் இழையால் ராக்கெட்டின் கூட்டைச் செய்யலாம். தயோடைகிளைக்கால், மஸ்டர்ட் வாயு எனப்படும் நச்சு ஆயுதத்தின் மூலப்பொருளாகவும் ஆகலாம். குறிப்பிட்ட வலிமை கொண்ட அலுமினியக் குழாய், யுரேனியத்தைப் பிரிக்கும் கருவியின் பாகமாகலாம். ஆகவே இவை நாட்டைவிட்டு வெளியே போகும்போது, "முதலில் அனுமதி வாங்கு" என்று பல அரசாங்கங்கள் சொல்கின்றன. நல்லதுக்கும் உதவும், போருக்கும் உதவும் இத்தகைய பொருள்களுக்கு 'இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்கள்' என்று பெயர்.

இது அரசியல் பக்கத்தில் வர வேண்டிய செய்தியாயிற்றே, அறிவியல் பகுதியில் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஜொகூரில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் என் கருத்து இதுதான்: ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாடு வழக்கறிஞருக்கும் சுங்க அதிகாரிக்கும் மட்டுமே உரிய பாடம் இல்லை. ஒரு பொருள் எதற்கெல்லாம் பயன்படும் என்பதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் அறிவியல் படித்தவர்தான். ஆகவே முதல் கேள்வியைக் கேட்க வேண்டியவரும் அவர்தான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை நம் நாட்டில் நடந்த சம்பவங்களைக் கொண்டே விளக்குகிறேன்.

தடை வேறு, அனுமதி வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்ப்போம். 'ஆயுதத் தடை' என்றால், ஒரு குறிப்பிட்ட நாட்டுக்கோ குழுவுக்கோ ஆயுதம் விற்கவே கூடாது என்று கதவை அடைப்பது. 1977 நவம்பர் 4ஆம் தேதி ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் தென்னாப்பிரிக்காவின் மீது அப்படி ஒரு தடையைக் கொண்டு வந்தது. அங்கே வெள்ளையர் அரசு கறுப்பின மக்களை நிறத்தின் பெயரால் ஒடுக்கி வந்த காலம் அது. ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றின் மீது எல்லா நாடுகளும் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய ஆயுதத் தடை விதிக்கப்பட்டது அதுவே முதல் முறை. நிறவெறி ஆட்சி முடிந்த 1994இல்தான் அந்தத் தடை நீங்கியது.

'ஏற்றுமதி அனுமதி' அப்படிப்பட்டது அல்ல. அது கதவில் காவலாளியை நிறுத்துவது போன்றது. பொருளை விற்கலாம். ஆனால் யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார், கடைசியில் அது யார் கையில் போய்ச் சேரும் என்று காட்ட வேண்டும். பதில் சரியாக இருந்தால் அனுமதி கிடைக்கும். துப்பாக்கி, பீரங்கி போன்றவற்றை அடையாளம் காண்பது எளிது. குழாயையும் வேதிப்பொருளையும் கணினிச் சில்லையும் அடையாளம் காண்பதுதான் கடினம். அங்கேதான் அறிவியல் உள்ளே வருகிறது.

ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலை

2003 அக்டோபரில் 'பிபிசி சைனா' என்ற சரக்குக் கப்பல் லிபியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வழியில் அது இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டது. ஐந்து கொள்கலன்களைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே மரப்பெட்டிகளில், யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிகளுக்கான பாகங்கள் இருந்தன. பெட்டிகளில் இருந்த சின்னம் ஒரு மலேசிய நிறுவனத்தினுடையது. சிலாங்கூர் ஷா ஆலாமில் இயங்கிய ஸ்கோமி பிரிசிஷன் எஞ்சினியரிங், சுருக்கமாக 'ஸ்கோப்', அந்தப் பாகங்களைச் செய்திருந்தது.

2004 பிப்ரவரியில் அரச மலேசியக் காவல் துறை வெளியிட்ட அறிக்கை பல விவரங்களைச் சொன்னது. 14 வகைப் பாகங்களுக்கான ஒப்பந்தம் அது. மதிப்பு சுமார் 1 கோடியே 30 லட்சம் ரிங்கிட். 2002 டிசம்பரிலிருந்து 2003 ஆகஸ்டு வரை நான்கு தவணைகளில் துபாயில் இருந்த ஒரு நிறுவனத்துக்குச் சரக்கு போனது. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான பாகங்கள் என்றே தொழிற்சாலையில் நம்பினார்கள் என்றது அறிக்கை. நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரப்படவில்லை. ஒப்பந்தத்துக்கு ஏற்பாடு செய்தவர் மலேசியாவில் வசித்த இலங்கை வணிகர் பி.எஸ்.ஏ. தாஹிர். அவருக்குப் பின்னால் இருந்தது பாகிஸ்தான் அணு அறிஞர் அப்துல் காதீர் கானின் கள்ளச் சந்தை. கான் உலோகவியல் படித்தவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 2003 டிசம்பர் 19ஆம் தேதி, பேரழிவு ஆயுதத் திட்டங்களைக் கைவிடுவதாக லிபியா அறிவித்தது.

இந்தச் சம்பவத்தில் என்னை அதிகம் யோசிக்க வைப்பவர்கள் தாஹிரும் கானும் அல்லர். கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்று அந்த உலோகத்தைக் கடைந்த தொழிலாளர்கள்தான். வரைபடம் வந்தது, அளவு பார்த்தார்கள், மில்லிமீட்டர் பிசகாமல் வேலையை முடித்தார்கள். அவர்கள் செய்தது நல்ல வேலை. அந்த வேலை எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல யாரும் இல்லை. கேட்க வேண்டும் என்ற பழக்கமும் இல்லை. அப்போது நம் நாட்டில் அதைக் கேட்கச் சொல்லும் முழுமையான சட்டமும் இல்லை.

எண்ணுக்குள் இருக்கும் இயற்பியல்

குழாய்க்கும் அணுகுண்டுக்கும் என்ன தொடர்பு? இதைப் புரிந்துகொள்ள உங்கள் பாடநூலே போதும்.

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் யுரேனியம்-235 என்ற ஐசோடோப்பு 0.7 விழுக்காடுதான். மீதி ஏறக்குறைய எல்லாமே யுரேனியம்-238. பெரும்பாலான மின் உலைகளுக்கு 235இன் அளவை 3 முதல் 5 விழுக்காடு வரை உயர்த்த வேண்டும். குண்டுக்கு அது 90 விழுக்காட்டை நெருங்க வேண்டும். இரண்டும் ஒரே தனிமம் என்பதால் வேதிவினை மூலம் எளிதில் பிரிக்க முடியாது. எடையில் இருக்கும் சிறிய வேறுபாட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். யுரேனியத்தை ஆறு ஃபுளோரின் அணுக்களுடன் சேர்த்து வாயுவாக்குகிறார்கள். ஃபுளோரினின் அணு நிறை 19. இப்போது கணக்குப் போடுங்கள்: ஒரு மூலக்கூறின் நிறை 349, மற்றதன் நிறை 352. வேறுபாடு ஒரு விழுக்காடுகூட இல்லை.

இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பிரிக்க, வாயுவை ஓர் உருளைக்குள் விட்டு மிக வேகமாகச் சுழற்ற வேண்டும். படிவம் 4 இயற்பியலில் மையநோக்கு விசை படித்திருப்பீர்கள். சுழலும் உருளையின் சுவர் தன்னைத் தானே பிய்த்துக்கொண்டு வெளியே போகப் பார்க்கும். மெல்லிய சுவரில் உண்டாகும் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பின் மீது செயல்படும் விசை, உலோகத்தின் அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 2700 கிலோகிராம். சுவர் வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில், ஒலியைவிட வேகமாகச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2700 × 400 × 400 என்றால் 432 மெகாபாஸ்கல். மிருதுவான தூய அலுமினியம் 100 மெகாபாஸ்கல்கூடத் தாங்காது, கிழிந்துவிடும்.

இப்போது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலைப் பார்ப்போம். அனுமதி வாங்க வேண்டிய அலுமினியக் கலவைக்கு அது என்ன வரையறை தருகிறது தெரியுமா? 20 பாகை செல்சியஸில் 460 மெகாபாஸ்கல் அல்லது அதற்கு மேற்பட்ட இழுவலிமை இருக்க வேண்டும். குழாய் அல்லது உருளை வடிவில், 75 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வெளிவிட்டத்தோடு இருக்க வேண்டும். நாம் இப்போது போட்ட கணக்கின் விடைக்குப் பக்கத்திலேயே அந்த எண் நிற்கிறது, பார்த்தீர்களா? சட்டத்தில் எழுதியிருக்கும் அந்த 460, யாரோ ஓர் அதிகாரி மேசையில் உட்கார்ந்து தோன்றியதை எழுதியது அல்ல. நியூட்டனின் விதியிலிருந்து வந்தது.

இதை ஒருமுறை வகுப்பில் விளக்கியபோது, ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், கத்தியால் காயும் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம். அதற்காகக் கத்திக்கும் லைசென்ஸ் கேட்பார்களா?"

நல்ல கேள்வி. எல்லாக் கத்திக்கும் கேட்டால் யாரும் சமைக்க முடியாது. எல்லா அலுமினியத்துக்கும் கேட்டால் தொழில் நடக்காது. அதனால்தான் அந்தக் கோடு 460இல் போடப்பட்டிருக்கிறது. ஜன்னல் செய்பவருக்கு அந்த வலிமை தேவைப்படாது. அது தேவைப்படுபவர் யார், ஏன் என்று கேட்பது நியாயம். பொருளின் பண்பைப் பார்த்துக் கோடு போடுவதால், சாதாரண வியாபாரம் தடையில்லாமல் நடக்கிறது.

ஆனால் எந்தப் பட்டியலும் முழுமையாகாது. பட்டியலில் 460 என்று இருந்தால், 455இல் வாங்க ஒருவர் முயல்வார். முழுக் கருவிக்குக் கட்டுப்பாடு இருந்தால், பாதி முடிந்த பாகங்களாக வாங்குவார். ஷா ஆலாமில் செய்யப்பட்டவையும் அரைகுறையாக முடிக்கப்பட்ட பாகங்கள்தாம். ஆகவே பட்டியலோடு கேள்வி கேட்கும் மனிதரும் வேண்டும்.

ஜொகூருக்கு இதில் என்ன வேலை?

'பிபிசி சைனா' சம்பவத்துக்குப் பிறகு உலகம் விழித்துக்கொண்டது. 2004 ஏப்ரல் 28ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1540ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அணு, இரசாயன, உயிரியல் ஆயுதங்களும் அவற்றுக்கான பொருள்களும் தவறான கைகளுக்குப் போகாமல் தடுக்க ஒவ்வொரு நாடும் சட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது அந்தத் தீர்மானம். மலேசியா 2010இல் வியூக வாணிபச் சட்டத்தை இயற்றியது. முதலீடு, வாணிபம், தொழில்துறை அமைச்சு அதை நடத்துகிறது. ஏற்றுமதிக்கு மட்டுமன்றி, நம் துறைமுகத்தில் ஒரு கப்பலிலிருந்து இறங்கி மறு கப்பலில் ஏறும் சரக்குக்கும், நம் மண்ணைக் கடந்து போகும் சரக்குக்கும், இடையில் நின்று வியாபாரம் முடித்துக்கொடுக்கும் தரகருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். மின்னஞ்சலில் அனுப்பும் தொழில்நுட்ப வரைபடத்துக்கும் பொருந்தும்.

இப்போது நம் மாநிலத்தின் வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். கேலாங் பாத்தாவில் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் ஆண்டுக்கு 20 அடிக் கொள்கலன் கணக்கில் ஒரு கோடிக்கும் மேல் கையாளுகிறது. அதில் பெரும்பகுதி நம் நாட்டில் தங்காமல் கப்பல் மாறிப் போகும் சரக்கு. பாசிர் கூடாங்கில் இன்னொரு துறைமுகமும் இரசாயனத் தொழிற்சாலைகளும். செனாயில் விமான நிலையம். குளத்தில் நீர் வந்து போவதுபோல் உலகின் பொருள்கள் நம் வாசலில் வந்து போகின்றன. உங்களில் பலரின் அப்பா, மாமா, அக்கா இந்த இடங்களில் வேலை செய்கிறார்கள். நாளைக்கு நீங்களும் செய்வீர்கள். சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் படிவம் நிரப்புபவராக, தர ஆய்வாளராக, பொறியாளராக.

அண்மைக் காலத்தில் இந்த விவகாரம் இன்னும் நெருங்கி வந்திருக்கிறது. கூலாய், செடெனாக் பக்கம் போனால் பெரிய பெரிய தரவு மையங்களைப் பார்க்கலாம். அத்தகைய மையங்களில் செயற்கை நுண்ணறிவுக்கான அதிவேகச் சில்லுகள் இயங்குகின்றன. ஒரு சில்லு நோயைக் கண்டறியவும் உதவும், ஏவுகணையை வடிவமைக்கவும் உதவும். 2025 ஜூலை 14ஆம் தேதி நம் அமைச்சு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அமெரிக்காவில் தோன்றிய உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை மலேசியாவிலிருந்து ஏற்றுமதி செய்யவும், மலேசியா வழியாகக் கொண்டு செல்லவும் இனி வியூக வாணிப அனுமதி வேண்டும் என்றது அது. பட்டியலில் இல்லாத பொருளாக இருந்தாலும், தவறாகப் பயன்படும் என்று தெரிந்தாலோ சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தாலோ, குறைந்தது 30 நாள்களுக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அது நினைவூட்டியது.

'சந்தேகிக்க நியாயமான காரணம்' என்ற சொற்களைக் கவனியுங்கள். சந்தேகம் யாருக்கு வரும்? அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்தவருக்குத்தான் வரும். சில்லு என்ன செய்யும் என்று தெரியாதவருக்கு அது வெறும் பெட்டி. ஆகவே சட்டம் நம் அறிவின் மீது ஒரு பொறுப்பை வைக்கிறது.

பெயர்ப்பலகை இல்லாத கதவு

பொருளைப் பார்ப்பதோடு வாங்குபவரையும் விற்பவரையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு சம்பவம். வட கொரியா அணுச் சோதனை நடத்தியதை அடுத்து, 2006 அக்டோபரில் ஐ.நா. அதன் மீது ஆயுதத் தடை விதித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலையில், சீனாவிலிருந்து எரித்திரியாவுக்குப் போன ஒரு விமானச் சரக்கு பிடிபட்டது. 45 பெட்டிகளில் இராணுவ வானொலித் தொடர்புக் கருவிகள். எரித்திரியாவும் அப்போது ஐ.நா. ஆயுதத் தடையில் இருந்த நாடு. பெட்டிகளின் மீது இருந்த பெயர் 'குளோகாம்', மலேசிய நிறுவனம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒன்று. அதை நடத்தியது வட கொரியா என்று ஐ.நா. நிபுணர் குழு 2017இல் கூறியது.

அந்த நிறுவனம் தன் அலுவலகம் இருப்பதாகச் சொன்ன இடம் எது தெரியுமா? கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ், நம்முடைய லிட்டில் இந்தியா. தீபாவளிக்குப் புடவை வாங்கவும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் நாம் போகும் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு. கோலாலம்பூரில் நடக்கும் ஆயுதக் கண்காட்சியில் அந்த நிறுவனம் பலமுறை கலந்துகொண்டதும் பின்னர் தெரிய வந்தது. அதனுடன் தொடர்புடைய நிறுவனங்களின் பதிவு நீக்கப்படுவதாகக் காவல் துறை அறிவித்தது.

தடை என்பது நியூயார்க்கில் கையெழுத்தாகும் ஒரு காகிதம். அது காப்பாற்றப்படுவதும் உடைவதும் இப்படிப்பட்ட சாதாரணத் தெருக்களில்தான். நிறுவனத்தைப் பதிவு செய்யும் செயலாளர், பணம் அனுப்பும் வங்கி ஊழியர், பெட்டியை அனுப்பும் முகவர் ஆகியோரில் ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டிருந்தாலும் கதவு முன்பே திறந்திருக்கும்.

இதெல்லாம் நியாயமா?

இதுவரை படித்ததும் உங்களில் சிலருக்குக் கோபம் வரலாம். "இந்த விதிகளைப் போடும் பெரிய நாடுகள்தானே உலகில் அதிகம் ஆயுதம் விற்கின்றன?" உண்மைதான். ஸ்டாக்ஹோம் அனைத்துலக அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2020 முதல் 2024 வரை உலகின் பெரிய ஆயுத ஏற்றுமதியில் 43 விழுக்காடு அமெரிக்காவினுடையது. பாதுகாப்பு மன்றத்தில் தடையைக் கொண்டு வரவும் தடுத்து நிறுத்தவும் அதிகாரம் உள்ள ஐந்து நாடுகளும் ஆயுதம் விற்கும் நாடுகளே. தங்கள் நண்பருக்குத் தடை வரும்போது அவை கையை உயர்த்தி நிறுத்திவிட முடியும். சில்லு விஷயத்திலும் அப்படித்தான். தன் சில்லுகள் வரும் ஒவ்வொரு சரக்கையும் கண்காணிக்கும்படி அமெரிக்கா கேட்டதாக, 2025 மார்ச்சில் நம் அப்போதைய அமைச்சர் தெங்கு சப்ருல் அசிஸே சொல்லியிருந்தார். அதில் போர்ப் பயமும் இருக்கிறது, சீனாவுடனான வியாபாரப் போட்டியும் இருக்கிறது.

விதிகள் தவறாகப் பாய்ந்ததற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1991இல் இந்தியாவின் இஸ்ரோ, கிரையோஜெனிக் எஞ்சினையும் அதன் தொழில்நுட்பத்தையும் பெற அன்றைய சோவியத் யூனியனின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. இது ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு எதிரானது என்று சொல்லி, 1992இல் அமெரிக்கா இரு தரப்பின் மீதும் தடை விதித்தது. 1993இல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின்களை மட்டும் தருவோம், செய்முறையைத் தர மாட்டோம் என்றது.

இங்கே அறிவியல் என்ன சொல்கிறது? கிரையோஜெனிக் எஞ்சினுக்கு மைனஸ் 253 பாகையில் திரவ ஹைட்ரஜனும் மைனஸ் 183 பாகையில் திரவ ஆக்சிஜனும் வேண்டும். ஏவுவதற்குச் சற்று முன்புதான் நிரப்ப முடியும். நீண்ட நாள் நிரப்பி வைத்தால் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டிய போர் ஏவுகணைக்கு அது பொருந்தாத எஞ்சின். செயற்கைக்கோளை உயரச் சுற்றுப்பாதைக்கு ஏற்றத்தான் அது சிறந்தது. ஆயினும் தடை வந்தது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் பொறியாளர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சோதித்துச் சோதித்துச் சொந்தமாக எஞ்சினை உருவாக்கினார்கள். 2010இல் முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரி 5ஆம் தேதி ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் அந்த எஞ்சினோடு வெற்றிகரமாக ஏறியது.

அப்படியானால் கட்டுப்பாடுகளே வேண்டாமா? அந்த முடிவுக்கு நான் போகமாட்டேன். ஷா ஆலாமில் கடைந்த பாகங்கள் லிபியாவைச் சேர்ந்து, அங்கே ஓர் ஆயுதம் உருவாகியிருந்தால், அது யார் தலையில் விழுந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பெரிய நாடு போட்ட விதி என்பதற்காக அதை மீறினால், சாகப் போவது பெரிய நாட்டின் தலைவர்கள் அல்லர். எங்கோ இருக்கும், நம்மைப் போன்ற சாதாரண மக்கள்தாம். சாலை விதி சிலருக்குச் சலுகை காட்டுகிறது என்பதற்காக நாம் சிவப்பு விளக்கில் போக முடியாது. விதியைச் சீர்ப்படுத்தக் குரல் கொடுக்கலாம். அதுவரை நிற்கத்தான் வேண்டும்.

விதியைச் சீர்ப்படுத்தக் குரல் கொடுப்பதற்கும் அறிவியல்தான் வேண்டும். கிரையோஜெனிக் எஞ்சின் ஏன் போருக்குப் பொருந்தாது என்று விளக்கத் தெரிந்தவர்தான் அந்தத் தடை நியாயமற்றது என்று வாதிட முடியும். 460 மெகாபாஸ்கல் ஏன் என்று தெரிந்தவர்தான் அந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்றும் சொல்ல முடியும். அறிவியல் தெரியாதவர் இரண்டு விதிகளையும் ஒன்றாகவே பார்ப்பார். ஒன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், அல்லது எல்லாவற்றையும் திட்டுவார்.

நான் கேட்டுக்கொள்வது

ஆகவே என் கோரிக்கை இரண்டு. ஒன்று ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டம் எழுதுபவர்களுக்கும். படிவம் 5இல் அணு இயற்பியல் நடத்துகிறோம். படிவம் 4இல் ஐசோடோப்புகளை நடத்துகிறோம். அவற்றோடு ஒரு பாட வேளையாவது, இந்த அறிவு எங்கே தவறிப் போகும், அதைத் தடுக்க நம் நாட்டில் என்ன சட்டம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைக் கையாளும்போது கண்ணாடி அணியச் சொல்கிறோம். பாதுகாப்புப் பாடம் ஆய்வுக்கூடத்தின் வாசலோடு முடிந்துவிடக் கூடாது.

மற்றொன்று உங்களுக்கு. நாளைக்கு நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும், ஒரு பொருளை அனுப்பும்போது சில அறிகுறிகளைக் கவனியுங்கள். வாங்குபவர் எதற்கு வாங்குகிறார் என்று சொல்லத் தயங்குகிறாரா? அவருடைய தொழிலுக்கும் கேட்கும் பொருளின் தரத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா? ரொட்டிக் கடைக்காரர் துல்லியமான கடைசல் இயந்திரம் கேட்டால் ஏன் என்று யோசிக்க வேண்டாமா? விலையுயர்ந்த இயந்திரத்தை வாங்குபவர், அதைப் பொருத்தித் தர வேண்டாம், பயிற்சியும் வேண்டாம் என்கிறாரா? சரக்கு நேர்வழியில் போகாமல் ஊர் சுற்றிப் போகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலே அவர் குற்றவாளி என்று ஆகிவிடாது. ஆனால் மேலதிகாரியிடம் சொல்லவும் அமைச்சிடம் விசாரிக்கவும் அது போதுமான காரணம்.

அப்படிக் கேட்பதால் ஓர் ஆர்டர் தாமதமாகலாம். முதலாளி முகம் சுளிக்கலாம். "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று பக்கத்து மேசைக்காரர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நீங்கள் படித்த இயற்பியலும் வேதியியலும் எஸ்.பி.எம். தேர்வில் 'ஏ' வாங்குவதற்கு மட்டும் உதவினால் போதாது. ஒரு பெட்டியின் மூடியைப் பார்த்ததும், அதற்குள் இருப்பது என்னவெல்லாம் செய்யக்கூடும் என்று யோசிக்கவும் உதவ வேண்டும். யாருக்கு, எதற்கு என்ற அந்த இரண்டு கேள்விகளைக் கேட்க எந்த அதிகாரியின் அனுமதியும் தேவையில்லை.